95 செ.மீ. மழையைக் கணக்கிலிருந்து நீக்காதீர்கள்: தூத்துக்குடியின் வெள்ள அபாய வரைபடம் தயாரிப்போருக்குத் திறந்த மடல்

மரியாதைக்குரிய அதிகாரிகளுக்கும், அவர்களுக்காக வரைபடம் தயாரிக்கும் ஆலோசனைப் பொறியாளர்களுக்கும்,

நீங்கள் கூட்டிய கருத்துக்கேட்புக் கூட்டத்தில் தூத்துக்குடியின் வெள்ள அபாய வரைபடத்தைத் திரையில் காட்டினீர்கள். எங்கள் தெரு அதில் பச்சை நிறத்தில் இருந்தது. பச்சை என்றால் குறைந்த அபாயம் என்று ஓரத்தில் எழுதியிருந்தது. 2023 டிசம்பரில் அந்தத் தெருவில் நெஞ்சளவு தண்ணீர் நின்றது. முழுதாக வடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. எழுந்து நின்று இதைச் சொன்னேன். "அது அபூர்வமான மழை சார். அதைச் சேர்த்தால் சராசரியே கெட்டுவிடும், அதனால் எடுக்கவில்லை" என்றார் உங்கள் ஆலோசகர். அப்புறம் அடுத்தவர் கேள்விக்குப் போய்விட்டீர்கள். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நான் நீரியல் படித்தவன் இல்லை. கொத்தனாராக ஆரம்பித்து இப்போது தூத்துக்குடியில் சின்னச் சின்ன வீடுகள் கட்டிக்கொடுக்கும் காண்ட்ராக்டர். அஸ்திவாரம் தோண்டும் முன் எங்கள் தொழிலில் இரண்டு கேள்வி கேட்போம்: ரோடு மட்டம் எவ்வளவு, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும். இந்த இரண்டுக்கும் உங்கள் வரைபடத்தில் சரியான பதில் இல்லை.

முதலில் அந்த 'அபூர்வ' மழையைப் பேசுவோம். 2023 டிசம்பர் 17 காலையிலிருந்து 18 காலை வரை, 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. எங்கள் மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கச் சேர்ந்தே சுமார் 65 செ.மீ. மழைதான். வானிலைத் துறை 20.4 செ.மீ.க்கு மேல் போனால் 'அதி கனமழை' என்கிறது. அதற்கு மேல் பெயரே வைக்கவில்லை. வீட்டுக் கணக்கில் சொன்னால், ஒரு சென்ட் இடத்தில் 95 செ.மீ. மழை என்பது 38,000 லிட்டருக்கு மேல். மூன்று சென்ட் மனை ஒன்றில் மட்டும் பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி பத்தைக் கொண்டுவந்து கவிழ்த்த மாதிரி.

காயல்பட்டினம் இங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். அதே கடற்கரை, அதே வடகிழக்குப் பருவமழை. அன்றைக்கு அந்த மேகக்கூட்டம் இன்னும் கொஞ்சம் வடக்கே தள்ளி நின்றிருந்தால் 95 செ.மீ. தூத்துக்குடி மாநகருக்குள் விழுந்திருக்கும். அணை கட்டும் பொறியாளர்கள் பக்கத்து ஊரில் பெய்த பெருமழையை எடுத்துத் தங்கள் நீர்ப்பிடிப்பின் மேல் பெய்ததாக வைத்துக் கணக்குப் போடுவார்கள். இது பழைய வழக்கம், உங்களுக்குத் தெரியாதது அல்ல. அணைக்குச் செய்யும் கணக்கை லட்சக்கணக்கான பேர் இருக்கும் ஊருக்குச் செய்ய மாட்டோம் என்றால் எப்படி?

மும்பையில் 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 94.4 செ.மீ. பெய்தது. அதையும் யாரும் அதற்கு முன் கண்டதில்லை. ஆனாலும் அவர்கள் அந்த எண்ணை அழிக்கவில்லை. மணிக்கு 25 மி.மீ. மழைக்கு இருந்த பழைய வடிகாலை 50 மி.மீ.க்கு மாற்றும் திட்டம் அதற்கு முன்பே எழுதிக் கிடப்பில் கிடந்தது. அந்த வெள்ளத்துக்கு அப்புறம்தான் அதைத் தூசி தட்டி எடுத்தார்கள். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் தண்ணீரை இறைத்து வெளியே தள்ளப் பம்பிங் ஸ்டேஷன்கள் கட்டினார்கள். இன்றும் மும்பையில் தண்ணீர் நிற்கத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நடந்ததை நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டு அவர்கள் திட்டம் போடவில்லை.

உங்கள் வரைபடம் மாநகர எல்லைக்கோட்டோடு நின்றுவிடுகிறது. மழையும் அந்த எல்லைக்குள் பெய்வது மட்டும்தான் கணக்கில் இருக்கிறது. எங்கள் தெருவுக்கு வந்த தண்ணீரில் பெரும்பகுதி எங்கள் தெருவில் பெய்ததே இல்லை. கயத்தாறு, கடம்பூர், மணியாச்சி, ஒட்டப்பிடாரம் பக்கம் பெய்கிற மழை காட்டாறாக இறங்கி வரும். வழியில் இருக்கும் சின்னக் குளங்கள் ஒன்று உடைந்தால் அடுத்தது தாங்காது. எல்லாம் கடைசியில் கோரம்பள்ளம் குளத்துக்குத்தான். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து வரும் வடகால் தண்ணீருக்கும் அந்தப் பக்கம்தான் கடைசிப் போக்கிடம். குளம் நிரம்பி மறுகால் போனால் உப்பாற்று ஓடை, அத்திமரப்பட்டி, உப்பளங்கள், அப்புறம் கடல். 2023இல் மறுகாலோடு நிற்கவில்லை, குளத்துக்கரையே உடைந்தது. அந்தோணியார்புரம் பக்கம் திருநெல்வேலி நெடுஞ்சாலை அறுந்தது. முத்தம்மாள் காலனி, ரஹ்மத் நகர், தனசேகரன் நகர், பிரையண்ட் நகர் என்று ஊரின் மேற்குப் பக்கமும் நடுப்பகுதியும் நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தன. மழை ஓய்ந்த பிறகும் எங்கள் வீட்டுப் படியில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. மழை விட்டுவிட்டதே என்று மேலே ஏற்றிவைத்த சாமான்களைக் கீழே இறக்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஏமாற்றியது வானம் இல்லை. இருபது முப்பது கிலோமீட்டர் மேற்கே என்ன நடக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

தாமிரபரணியின் கதை தனி. ஏரலில் பாலம் துண்டிக்கப்பட்டது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் சுமார் 800 பயணிகளோடு நின்றுவிட்டது. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிய படத்தை நாடே பார்த்தது. 1992 நவம்பர் வெள்ளம் நினைவிருக்கிறவர்கள் இன்னும் ஊருக்கு ஊர் உண்டு. 'நம் காலத்தில் ஒருமுறை' என்று சொன்னவர்கள் இரண்டாவது முறையும் பார்த்துவிட்டார்கள். முன்னெச்சரிக்கை சரியாக வந்ததா இல்லையா என்று சென்னையும் டெல்லியும் அப்புறம் சண்டை போட்டுக்கொண்டன. எங்களுக்கு அந்தச் சண்டையில் அக்கறை இல்லை. எத்தனை செ.மீ. பெய்யும் என்று முன்கூட்டியே துல்லியமாகத் தெரிந்திருந்தாலும், அந்த மழைக்கு எந்தத் தெருவில் எத்தனை அடி ஏறும் என்று சொல்ல யாரிடமும் ஒரு காகிதம் இருந்ததில்லை. உங்கள் வரைபடம் அந்தக் காகிதமாக இருக்கும் என்றுதான் கூட்டத்துக்கு வந்தேன்.

என்னை அதிகம் உறுத்துவது கடல். உங்கள் வரைபடத்தில் கடலுக்கு நீல நிறம் இருக்கிறது, கணக்கில் அதற்கு இடமில்லை. ஊருக்குள் ஓடும் பக்கிள் ஓடையாக இருந்தாலும் உப்பாற்று ஓடையாக இருந்தாலும் வாய் கடலில்தான். கடல் ஏறி நின்றால் ஓடை வடியாது. இதை மீனவர் பகுதியான திரேஸ்புரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பழைய நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். 2023 டிசம்பர் 12 அமாவாசை. பெருமழை பெய்தது 17, 18 தேதிகளில், வளர்பிறை அஷ்டமி நெருங்குகிற நேரம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் அதிகம் ஏறும். அஷ்டமி வாக்கில் ஏற்றம் குறைவு. அன்றைக்குப் புயலும் இல்லை. குமரிக்கடல் பக்கம் ஒரு வளிமண்டலச் சுழற்சி, அவ்வளவுதான். புயலாக இருந்திருந்தால் காற்று கடலைக் கரைக்குத் தள்ளியிருக்கும். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் ஒரு சென்டிமீட்டர் உயரும் என்பது நீங்கள் படித்த பாடம்தான். ஆக, நாங்கள் கண்டதிலேயே மோசமான வெள்ளம் வந்தது கடல் எங்களுக்கு விட்டுக்கொடுத்த நாட்களில். அதே மழை ஒரு பௌர்ணமியில் ஒரு புயலோடு சேர்ந்து வந்தால் எங்கள் தெருவில் தண்ணீர் எவ்வளவு நிற்கும்? அந்தக் கணக்கை நீங்கள் போட்டிருக்க வேண்டும். நீங்களோ 2023ஐயே 'அபூர்வம்' என்று தள்ளி வைத்திருக்கிறீர்கள்.

எங்கள் கடலில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தானே, இதற்கு என்ன பயம் என்று கேட்பீர்கள். உப்பளம் போடுகிற அளவுக்குத் தாழ்ந்து தட்டையாகக் கிடக்கும் நிலம் இது. இங்கே அரை அடி என்பது பெரிய உயரம். இந்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1993க்கும் 2017க்கும் இடையில் ஆண்டுக்கு 3.3 மி.மீ. வீதம் உயர்ந்திருக்கிறது. அதே வேகம் என்று வைத்தாலும் 30 வருஷத்தில் 10 செ.மீ. வேகம் கூடுகிறது என்றுதான் உலக நாடுகளின் காலநிலை அறிக்கைகள் சொல்கின்றன. ஆயிரத்துக்கு ஒன்று சரிவில் வருகிற ஓடையில், கடல் 10 செ.மீ. ஏறினால் கடைசி 100 மீட்டருக்குச் சரிவு இல்லாமல் போகும். எங்கள் ஓடைகளில் பல இடங்களில் அவ்வளவு சரிவுகூடக் கிடையாது. இன்று காங்கிரீட் போட்டுக் கட்டுகிற வடிகால் முப்பது நாற்பது வருஷம் இருக்கப்போகிறது. அதன் வாயை இன்றைய கடல் மட்டத்துக்குப் பொருத்துவது எந்த ஊர் என்ஜினீயரிங்?

இந்தக் கரை அசையாமல் நின்ற கரையும் இல்லை. பாண்டியர் துறைமுகமான கொற்கை இன்று கடலைவிட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிறது. அது ஆறு மண் கொண்டுவந்து கொட்டிய காலம். இப்போது எதிர்ப்பக்கம் நடக்கிறது. எங்களுக்கு எதிரே இருக்கும் தீவுகளில் விலாங்குச்சல்லி மூழ்கிப்போனது. வான்தீவு தேய்ந்து கொஞ்சமாக மிஞ்சியிருக்கிறது, அதைக் காப்பாற்றச் செயற்கைப் பவளத்திட்டு இறக்கினார்கள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்தது இதற்கு ஒரு பெரிய காரணம். எங்கள் தொழிலின் பங்கும் அதில் உண்டு. அலையின் வேகத்தைக் குறைத்த அரண் தேய்ந்ததை உங்கள் வரைபடம் எங்கே சேர்த்திருக்கிறது?

வெப்பம் விஷயத்துக்கு நான் அதிகம் போக மாட்டேன், அது உங்கள் துறை. அதே 2020 மதிப்பீடு, வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951க்கும் 2015க்கும் இடையில் சராசரியாக ஒரு டிகிரி சூடாகியிருக்கிறது என்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரம் தாங்கும். அப்படியிருக்க, கடந்தகால மழையின் சராசரியை எடுத்து, அதிலும் உச்சத்தை வெட்டிவிட்டு, அதை வைத்து 2050ஆம் ஆண்டுக்கான அபாயத்தைச் சொல்வது எப்படிச் சரியாகும்?

'நூறாண்டுக்கு ஒருமுறை' என்ற பேச்சையும் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்கள். ஜனங்கள் அதைக் கேட்டுவிட்டு, சரி, இனி நம் பேரன் காலத்தில்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். என்னிடம் வீடு கட்டுபவர்கள் வாங்குவது பெரும்பாலும் 20 வருஷக் கடன். அந்தக் கடன் முடிவதற்குள் அப்படியொரு வெள்ளம் வர 18 சதவீத வாய்ப்பு. 30 வருஷம் என்றால் 26 சதவீதம். இதுவும் மழை பழைய மாதிரியே பெய்தால்தான்.

வரைபடம் தப்பாக இருந்தால் நிலத்தில் என்ன நடக்கும் என்பதை நான் தினமும் பார்க்கிறேன். 2023க்குப் பிறகு என்னிடம் வருகிற எல்லோரும் முதலில் கேட்பது பேஸ்மட்டம் எவ்வளவு உயர்த்தலாம் என்றுதான். நாலடி கேட்கிறார்கள், ஐந்தடி கேட்கிறார்கள். லாரி லாரியாக மண் அடிக்கிறோம். பழைய வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குகிறவர்களும் உண்டு. ரோடு போடுகிறவர்கள் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். ஒருவர் உயர்த்தினால் தண்ணீர் அடுத்த வீட்டுக்கு. காசு இருப்பவர் மேலே போக, தரைத்தள வாடகை வீட்டில் இருப்பவரும் உப்பளத்தில் கூலிக்குப் போகிறவரும் கீழே நிற்கிறார்கள். உப்பளத்து வேலை மழைக்காலத்தில் எப்படியும் இல்லை. அதோடு வீட்டுக்குள்ளும் தண்ணீர். ரேஷன் கார்டுக்குக் கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணத்தில் ஒரு பீரோகூட வாங்க முடியாது. தெருவின் உயரத்தை மட்டும் வைத்து அபாயத்தை அளக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள், மாடி இருக்கிறதா, கட்டிலைவிட்டு எழ முடியாத பெரியவர்கள் எத்தனை பேர், படகு வர வழி உண்டா என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அபாயம்.

ஒன்று தெரிந்தேதான் சொல்கிறேன். எங்கள் தெரு சிவப்பாக மாறினால் மனை விலை இறங்கும், என் தொழிலும் அடிபடும். அக்கம்பக்கத்தார் சிலர் இந்த மடலுக்காக என்னைத் திட்டவும் செய்வார்கள். பச்சை என்று நம்பி ஒருவர் வாழ்நாள் சம்பாத்தியத்தைப் போட்டுத் தரைத்தளத்தில் வீடு கட்டுவதற்கு நான் துணைபோவதைவிட அது மேல்.

வெள்ளம் வடிந்த பிறகு நாங்கள் செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் ஒவ்வொரு சுவரிலும் தண்ணீர் நின்ற கறை தெரிந்தது. வெள்ளையடித்தால் போய்விடும் என்று, அதற்கு முன்பே கறைக்கு மேல் பெயிண்டால் கோடு போட்டோம். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடித்து, ஒரு கோவில் படிக்கட்டை அடிமட்டமாக வைத்து, தெருத்தெருவாக உயரத்தை நோட்டில் எழுதினோம். தண்ணீர் எந்த நேரத்தில் ஏற ஆரம்பித்தது, எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதும் அதில் இருக்கிறது. அந்த நோட்டைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தேன். வாங்கிப் பார்க்க ஆளில்லை. கம்ப்யூட்டரில் போட்ட மாடல் சரியா தப்பா என்று சோதிக்க இதைவிட நல்ல சான்று உங்களுக்கு எங்கே கிடைக்கும்?

எனவே உங்களிடம் கேட்பவை இவை. இப்போதுள்ள வரைவு வரைபடத்தை இறுதி செய்யாமல் நிறுத்திவையுங்கள். 2023 மழையைக் கணக்கில் சேர்த்து, காயல்பட்டினத்தில் பெய்த 95 செ.மீ. தூத்துக்குடியின் மேலும் கோரம்பள்ளம் நீர்ப்பிடிப்பின் மேலும் பெய்தால் என்ன ஆகும் என்று ஒரு தனி வரைபடம் போடுங்கள். அதில் கடலையும் சேருங்கள்: அமாவாசை ஏற்றம், புயல் அலை, 2050இல் கடல் மட்டம் மூன்றும் ஒன்றாக. மாநகர எல்லையை மறந்துவிட்டு, தண்ணீர் புறப்படும் இடத்திலிருந்து கடலில் சேரும் இடம் வரை கணக்கிடுங்கள்; வழியில் இருக்கும் ஒவ்வொரு குளத்தின் கரை நிலைமையும், அது உடைந்தால் எந்தெந்தத் தெருவுக்கு எத்தனை மணி நேரத்தில் தண்ணீர் வரும் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

வார்டு வார்டாக வந்து சுவரில் இருக்கும் வெள்ளக் கோடுகளைப் பதிவு செய்யுங்கள். எங்கள் நோட்டைத் தருகிறோம், சரிபார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். இறுதி வரைபடத்தைத் தமிழில், நிறங்களோடு மட்டும் இல்லாமல் தெருவுக்கு இத்தனை அடி என்ற எண்ணோடு, வார்டு அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்டுங்கள். நீங்கள் எடுத்துக்கொண்ட மழை அளவு எது, எந்த வருஷங்களின் தரவு, எதைத் தள்ளினீர்கள், ஏன் என்பதையும் அதோடு வெளியிடுங்கள். அதுவரை உப்பாற்று ஓடை, பக்கிள் ஓடை, கோரம்பள்ளம் மறுகால் பாதையை ஒட்டிய புது மனைப்பிரிவு எதற்கும் அனுமதி தராதீர்கள். அந்த வழியில் இருக்கும் உப்பளத்தைக் 'காலி நிலம்' என்று குறித்திருப்பதை மாற்றுங்கள். தண்ணீர் பரவி நிற்க ஊருக்கு மிஞ்சியிருக்கும் இடம் அதுதான்.

சென்னைக்கு 2019இல் மழை, அணை, கடல் ஏற்றம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் வெள்ள எச்சரிக்கை அமைப்பு வந்தது. மும்பைக்கு 2020இல் வந்தது. தாமிரபரணிக்கும் கோரம்பள்ளத்துக்கும் அதே மாதிரி வேண்டும். ஏதாவது தயாராகிக்கொண்டிருந்தால் அது மாவட்டக் கட்டுப்பாட்டு அறையோடு நிற்காமல் எங்கள் கைபேசிக்குத் தெருப் பெயரோடு வர வேண்டும்.

திருத்திய வரைவைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு கூட்டம் கூட்டுங்கள். வேலைநாள் காலை பதினொரு மணிக்கு வேண்டாம், உப்பளத்துக்காரர்களும் மீனவர்களும் வரக்கூடிய நேரத்தில், முத்தம்மாள் காலனியிலும் அத்திமரப்பட்டியிலும் திரேஸ்புரத்திலும் தனித்தனியாக வையுங்கள். இந்த வருஷம் ஐப்பசி மழை தொடங்கும் முன்பே அந்தக் கூட்டம் நடக்க வேண்டும். தேதியை எழுத்து மூலம் தெரிவியுங்கள், நோட்டோடு வருகிறோம்.

இப்படிக்கு,
தூத்துக்குடியில் வீடு கட்டிக்கொடுக்கும் ஒரு காண்ட்ராக்டர்